மோதிரத்தில் ஏறிய வெள்ளை

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாட் காலை, என் தங்கையின் மகளுடைய மோதிரம் ஒன்றை மெருகிடுவதற்காகக் கன்னாதிட்டிக்குக் கொண்டு சென்றேன். பிள்ளைக்கு அடுத்த தை மாதத்தில் விவாகம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் வீட்டிலுள்ள பழைய நகைகளையெல்லாம் ஒருமுறை பத்தரின் கையிற் கொடுத்து எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். மூன்று தலைமுறையாக எங்களுக்கு நகை செய்துவருபவர் அவர். அவருடைய பட்டறை மிகச் சிறியது. ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர் உட்கார்ந்தேயாக வேண்டும். அங்கே செய்த காப்புகளும் சங்கிலிகளும் இன்று இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் பல கைகளிலும் கழுத்துகளிலும் இருக்கின்றன.

மோதிரம் என் தாயாருடையது. இருபத்திரண்டு கரட் பொன். அதன் ஓரத்திலும் உட்புறத்திலும் வெள்ளி பூசியது போன்றதொரு படலம் ஏறியிருந்தது. பொன் தேய்ந்து, உள்ளே கலந்த செம்பு தெரிகின்றது போலும் என்று தங்கை சொன்னாள். செம்பு வெள்ளையாகவா தெரியும் என்று கேட்கும் அறிவு, முப்பத்து மூன்று வருஷம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்குங்கூட அப்பொழுது உண்டாகவில்லை.

பத்தர் மோதிரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஊசிமுனையாற் சற்றே சுரண்டினார். பின்பு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ரீச்சர், இதிலை இரசமெல்லே ஏறியிருக்குது. வீட்டிலை காய்ச்சல் பாக்கிற கண்ணாடி ஏதும் உடைஞ்சதோ?”

“இல்லையே.”

“அப்ப, பிள்ளை முகத்துக்கு என்ன பூசிறா?”

நான் மறுமொழி சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. “இந்த வருஷம் எனக்கு இது மூண்டாவது மோதிரம்,” என்றார் அவர்.

பொன்னும் பாதரசமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்பவை. பொன்னில் இரசம் பட்டால் இரண்டும் குழைந்து வெள்ளைநிறக் கலவையாகும். பத்தருடைய பாட்டனார் காலத்திற் செம்பிலும் வெள்ளியிலும் பொன்முலாம் பூசுவதற்கு இந்த முறையையே கையாண்டார்களாம். பொன்னை இரசத்திற் குழைத்துப் பூசி, அனலில் வாட்டுவார்கள். இரசம் ஆவியாகிப் பறந்துவிடும். பொன் ஒட்டி நிற்கும். “பறந்தது எங்கை போனதெண்டு கேளுங்கோ. அப்பு கடைசிக் காலத்திலை தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலையும் பிடிச்சுத்தான் குடிச்சவர்,” என்று கூறிக்கொண்டே மோதிரத்தை ஒரு கடதாசியில் மடித்து வேறாக வைத்தார். அதை வாட்டி எடுக்க வேண்டும். பட்டறைக்குள் அல்ல, வெளி வளவில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்ய வேண்டும் என்றார்.

கோண்டாவிலுக்குத் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டேன். ஒன்றும் பூசுவதில்லை என்றாள். மோதிரத்தின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, புத்தக அலுமாரியிற் பின்வரிசைப் புத்தகங்களுக்கு அப்பாலிருந்து ஒரு சிமிழை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

பொன்னிற மூடி. மூடியின்மேல் ஒரு பெண்ணின் முகம். எனக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ ஓர் எழுத்தில் இரண்டு வரி. கீழே ஆங்கிலத்தில் முத்து, பனி, பால் என்று வெண்மைக்கு உவமையான சொற்கள். சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் யார் என்று இல்லை. எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்று இல்லை. கொண்டுவந்து இறக்கியவரின் பெயரும் விலாசமும் இல்லை. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று இல்லை. திகதியும் இல்லை. பெட்டிக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுக் கடதாசி மாத்திரம் இருந்தது. இரவிற் பூசுக, கண்ணிற் படாமற் பார்த்துக்கொள்க என்பனவற்றோடு, பொன், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றிற் படவிடாதீர் என்றும் பிழை மலிந்த ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

வாசக நேயர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பாதரசம் கலந்த முகப்பூச்சை இனங்காண்பதற்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அடையாளங்களுள் இஃது ஒன்று. நகையிற் படக்கூடாத பூச்சு கன்னத்திற் படலாமா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவோடுதான் அச்சடித்தவன் அதனை அச்சடித்திருக்கிறான்.

பிள்ளை ஏழு மாதமாகப் பூசி வந்திருக்கிறாள். ஒரு சிமிழ் நாலாயிரம் ரூபா. ஐந்து சிமிழ் முடிந்து இது ஆறாவது. முதல் மாதத்திலே முகம் தெளிந்ததாம். கூட வேலை செய்பவர்கள் விசாரித்தார்களாம். மூன்றாம் மாதத்திற் கன்னம் சிவந்து எரியத் தொடங்கியது. ஒரு கிழமை நிறுத்திப் பார்த்தபொழுது முன்னிருந்ததைக் காட்டிலும் கறுத்தது. ஆகவே மறுபடியும் பூசினாள். இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கின்றது. விட்டால் கறுக்கும் என்ற பயம் ஒன்றே போதும், விளம்பரம் வேண்டியதில்லை.

மாணவராக இருப்போருக்காக ஒரு சிறு பாடம் சொல்கிறேன். பழைய வழக்கம் விடவில்லை. நம்முடைய தோலின் மேற்படையில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் கலங்கள் இருக்கின்றன. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் உடலின் உட்கலங்களைத் தாக்காதபடி இந்த நிறமி குடைபிடிக்கின்றது. வெயில் ஏற ஏறக் குடையும் அகலும். அதைத்தான் கறுத்துப்போனாய் என்கிறோம். நிறமி உண்டாவதற்கு ஒரு நொதியம் வேண்டும். பாதரசத்தின் உப்புகள் அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. அதனால் தோல் வெளுக்கின்றது. ஆனால் இரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. தோலினூடாக இரத்தத்திற் சென்று சிறுநீரகத்தில் தங்குகின்றது. நம் சித்த வைத்தியர்கள் பூரம் என்று சொல்லும் பொருளும் இரசத்தின் ஓர் உப்புத்தான். அதைச் சுத்திசெய்யாமற் கையாளலாகாது என்று அவர்கள் எத்தனை எச்சரிக்கை கூறியிருக்கிறார்கள்! இங்கே அதையே பனியென்றும் முத்தென்றும் பெயர்சூட்டி விற்கிறார்கள்.

இரசம் இல்லாத வேறு சில சிமிழ்களும் உண்டு. அவற்றிற் சிலவற்றில் இருப்பது, கடும் தோல்நோய்க்கு வைத்தியர் சில நாட்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கும் ஸ்டெரொயிட் மருந்து. அது தோலை மெலியச் செய்து, நரம்பு தெரியச் சிவக்க வைத்து, மயிர் முளைக்கப்பண்ணும். இன்னும் சிலவற்றில் ஐதரோகுயினோன். ஐரோப்பிய நாடுகள் அதைத் தோலை வெளுப்பிக்கும் பூச்சுகளிற் சேர்க்கலாகாது என்று 2001ஆம் ஆண்டளவில் விலக்கிவிட்டன.

பிள்ளையை ஏசுவதற்கு எழுந்த வாயை அவளே அடைத்துவிட்டாள். “பெரியம்மா, நான் பெரிய பிள்ளையான நேரம் நீங்கள் அம்மாவுக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது. ‘முகவெட்டு நல்ல வடிவு, நிறந்தான் கொஞ்சம் மட்டு’ எண்டனீங்கள்.”

சொல்லியிருப்பேன். சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. கேட்ட ஞாபகம் அவளுக்குப் பதினாறு வருஷமாக இருந்திருக்கின்றது. நம் ஊரிற் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய் வருபவர்கள் ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்தபடியாக விசாரிப்பது எதனை? “வெள்ளையோ?” என்பதைத்தானே. தோட்டத்தில் வெங்காயம் கிளறி, வெயிலில் நின்று, இறைத்து, நம்மை ஆளாக்கிய தாய்தந்தையர் என்ன நிறமாக இருந்தார்கள்? பத்திரிகையில் மணமகள் தேவை என்று வரும் விளம்பரங்களை நான் ஞாயிறுதோறும் வாசிப்பவள். அவற்றிலே ‘நிறமான’ என்ற சொல்லுக்கு வெள்ளை நிறம் என்பதே பொருள். மற்றவையெல்லாம் நிறங்களே அல்ல என்பது போல. இத்தனைக்கும் எங்கள் மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்டவர்களல்லர். கேட்டவர்கள் நாங்களே.

அன்று இரவு மெல்பேணில் இருக்கும் என் மூத்த மகளோடு தொலைபேசியில் இதைப்பற்றிப் பேசினேன். அவள் சிரித்தாள். பிறகு சிரித்ததற்கு வருந்தினாள். 2006ஆம் ஆண்டில் அவள் அங்கே படிக்கச் சென்ற புதிதில், கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்திக்கு விவாகம் நிச்சயமாயிற்றாம். விவாகத்துக்கு ஆறு கிழமைக்கு முன்னிருந்து அவள் கிழமைக்கு இரண்டு முறை சோலேரியம் என்னும் கடைக்குப் போய்வந்தாளாம். எதற்கு? கறுப்பதற்கு! அங்கே ஆள் படுக்கும் அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதன் மேலும் கீழும் கழியூதாக் கதிரை வீசும் விளக்குகள். உள்ளே படுத்து மூடியைச் சாத்திக்கொண்டு, பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ கிடந்து எழுந்தால், கடற்கரையில் ஓய்வெடுத்து வந்தவர்போல் மேனி மாநிறமாகும். நாம் வேண்டாமென்று கழுவித் துடைக்க நினைப்பதை அவர்கள் காசு கொடுத்து ஏற்றிக்கொள்கிறார்கள். இங்கே ஒரு மணப்பெண் வெளுக்கிறாள், அங்கே ஒரு மணப்பெண் கறுக்கிறாள். இடையில் இருப்பவன் இருவரிடமும் காசை வாங்கிக்கொள்கிறான்.

ஆனால் அதன்பின் நடந்தவற்றில்தான் அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் வேறுபாடு தெரிகின்றது. மெல்பேணிற் கிளேர் ஒலிவர் என்ற யுவதி மெலனோமா என்னும் தோற்புற்றுநோயால் 2007 புரட்டாதியில் இறந்தாள். வயது இருபத்தாறு. சோலேரியத்தைப் பயன்படுத்தியவள். நோய் முற்றிய நிலையிலும் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் தன் கதையைக் கூறி, மற்றவர்கள் அந்தப் பெட்டியிற் படுக்கலாகாது என்று வேண்டிக்கொண்டாள். நாடு முழுவதும் அவள் பேச்சைக் கேட்டது. 2009ஆம் ஆண்டிலே, புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் இந்த விளக்குப் பெட்டிகளைப் புகையிலை இருக்கும் முதலாம் வகுப்பிலேயே வைத்தது. முப்பது வயதுக்கு முன் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு மெலனோமா உண்டாகும் அபாயம் 75 வீதம் கூடுகின்றது என்றும் அறிவித்தது. அதே ஆண்டிற் பிறேசில் அவற்றை முற்றாகத் தடைசெய்தது. இங்கிலாந்து 2010ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றி, 2011 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை அந்தக் கடைகளில் விடலாகாது என்றது. அமெரிக்கா 2010இல் அதற்குப் பத்து வீத வரி விதித்தது. 2014இல் எச்சரிக்கை எழுத்துகளைப் பொறிக்கச் செய்தது. அவுஸ்திரேலியாவில் முதலில் வயதுக் கட்டுப்பாடு வந்தது. அது போதவில்லை என்று கண்டு, 2015ஆம் ஆண்டு பிறந்தபொழுது விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் முதலிய மாநிலங்களிற் கடைகளையே மூடிவிட்டார்கள். மகள் தினமும் பேருந்திற் போகும் தெருவிலிருந்த சோலேரியம் இப்பொழுது பல்வைத்தியசாலையாக இருக்கின்றதாம்.

அங்கே சட்டம் பிடிப்பதற்கு ஏதுவாக ஒரு கடை இருந்தது. கடைக்கு ஒரு முகவரி இருந்தது. அனுமதிப்பத்திரம், ஆயிரம் இறாத்தல் கனமான ஒரு பெட்டி, அதன்மேல் செய்தவனின் பெயர் எல்லாம் இருந்தன. என் கையிலிருந்த சிமிழுக்கோ பெயரும் இல்லை, ஊரும் இல்லை. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். சட்டம் எதைப் பிடிக்கும்?

நம் நாட்டிற் சட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு நேரம் நிறைய உண்டு, தேடி வாசித்தேன். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் ஒன்று, ஒப்பனைப் பொருள்கள், சாதனங்கள், மருந்துகள் ஆகிய மூன்றையும் தன் பெயரிலேயே தாங்கி நின்றது. முகப்பூச்சும் மருந்தைப் போலவே அரசாங்கத்தின் கண்ணுக்கு உட்பட வேண்டியது என்பது அதன் கருத்து. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையை நிறுவியபொழுது பழைய சட்டம் நீக்கப்பட்டது. மருந்துகளும், மருத்துவ சாதனங்களும், மருந்தோ உணவோ என்று ஐயத்துக்கு இடமான எல்லைப் பொருள்களும் புதிய சட்டத்துள் வந்தன. ஒப்பனைப் பொருள் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது. வீடு மாறும்பொழுது ஒரு பெட்டியைப் பழைய வீட்டில் மறந்து விட்டுவருவது உண்டல்லவா?

எஞ்சியிருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதற்கு முன்னர் 1979ஆம் ஆண்டிலும் ஒரு பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. அந்தக் காலத்திற் பாவனையாளர் பாதுகாப்பு என்றால் விலையும் நிறையுமே. கூப்பன் கடையும் பாண் வரிசையும் கண்ட தலைமுறை நாங்கள். தராசைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்றதும் சந்தையிற் படிக்கற்கள் மாயமாய் மறைந்ததைச் சிறுமியாக இருந்தபொழுது பார்த்திருக்கிறேன். இன்றும் எங்கள் மனம் அங்கேயே நிற்கின்றது. சின்னக்கடையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவோமா? புடைவைக் கடையில் ஐம்பது ரூபாவுக்கு அரைமணி நேரம் வழக்காடுவோம். கன்னத்திற் பூசுவதற்கு வாங்கும் சிமிழின் அடியில் என்ன எழுதியிருக்கின்றது என்று பார்ப்பதில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். வியாபாரி ஏமாற்றும் விதமாக நடந்துகொள்ளலாகாது என்கிறது. பொருளின்மீது உச்ச விலை, திகதி, தொகுதி இலக்கம் முதலிய விவரங்கள் இருக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுக்கிறது. கேட்டவருக்கு வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட்டால் சபை விசாரித்து, நட்டஈடோ பணமோ கொடுக்குமாறு கட்டளையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்தும் விவரம் சொல்லலாம். ஆறாவது சிமிழை ஆடி மாதக் கடைசியில் வாங்கியிருந்தாள். ஆகவே தவணை கடக்கவில்லை. எனக்கு உற்சாகம் பிறந்தது. பிள்ளை வேண்டாமென்று அழுதாள். கலியாணப் பெண்ணின் பெயர் கந்தோர் கடதாசியில் ஏறுவதா என்று தங்கையும் தடுத்தாள். பெயரை என் பெயராக எழுதுகிறேன் என்று சொல்லி, முதலிற் கடைக்குப் போனேன்.

நகரத்தில் ஒரு கடை. எந்தத் தெரு என்பது இங்கே வேண்டியதில்லை. முதலாளி மரியாதையாகவே பேசினார். சிமிழைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

“ரீச்சர், இது எங்கடை கடையிலை வாங்கினது எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

அவருக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில், அதே பொன்னிற மூடிகள் ஏழெட்டு வரிசையாக இருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். மறுநாள் அந்த வழியாற் போன மாணவி ஒருத்தியை உள்ளே அனுப்பிப் பார்த்தேன். தட்டு வெறுமையாக இருந்தது.

அதன் பிறகு சம்பந்தப்பட்ட கந்தோருக்குப் போனேன். இளைஞர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பின்பு அவரும் அதே கேள்வியைக் கேட்டார். பற்றுச்சீட்டு எங்கே? ஆறு சிமிழுக்கு இருபத்து நாலாயிரம் ரூபா கொடுத்தவள் ஒரு துண்டுக் கடதாசி கேட்டு வாங்கவில்லை. அவளை நான் எப்படிக் குறைகூறுவேன்? சவர்க்காரத்துக்கும் பவுடருக்கும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கிய ஒரு நாள் என் வாழ்நாளிலும் இல்லை. கேட்டால் கடைக்காரர் நம்மைச் சந்தேகப் பேர்வழி என்று நினைப்பாரே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தினால் விற்றவருக்கு எத்தனை இலாபம் என்பது அன்றுதான் விளங்கியது. சிமிழ் ஆய்வுகூடத்துக்குப் போய் இரசம் இருப்பதாக முடிவு வந்தாலுங்கூட, அது யாருடைய இரசம்?

தோல் வைத்தியர் முகத்தைப் பார்க்கு முன் காலைப் பார்த்தார். கணுக்காலில் விரலை அழுத்தி, பள்ளம் விழுகின்றதா என்று சோதித்தார். சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்க எழுதினார். முகத்துக்கு வந்த நோய்க்கு ஏன் சிறுநீர் என்று தங்கை கேட்டாள். அவர் கேரளத்துக் கதையைச் சொன்னார். மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஆடி முதல் 2023 புரட்டாதி வரையில், சிறுநீரிற் புரதம் கழிந்து உடம்பு வீங்கும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தார்களாம். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரியதொரு வகை. அந்த 15 பேருள் 13 பேர் முகத்தை வெளுப்பிக்கும் பூச்சைப் பூசியவர்கள். பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். அவர்கள் தேடிப் பிடித்த சிமிழ்களிற் சிலவற்றில் விலாசமே இல்லை என்று இவர் சொன்னபொழுது, என் கைப்பையிலிருந்த சிமிழ் கனத்தது.

எங்கள் பிள்ளையின் சிறுநீரிலும் புரதம் இருந்தது. சிறிதளவுதான் என்றார்கள். சிறிதளவு என்ற சொல் எவ்வளவு நீளமானது என்பது, அடுத்த சோதனைக்கு நாட்பார்த்துக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை என்று மூன்று முறை சோதித்தோம். பூச்சை நிறுத்தியதனால் முகம் கறுத்துத் திட்டுத் திட்டாகியது. கண்ணாடியிற் கறுப்பு ஏற ஏறக் கடதாசியிற் புரதத்தின் அளவு இறங்கியது. அவள் வேலைக்குப் போகாமல் இரண்டு கிழமை வீட்டில் இருந்தாள். பயற்றம்மாவும் சந்தனமும் குழைத்துப் பூசலாமா என்று தங்கை கேட்டதற்கு, இனி ஒருவரும் என் முகத்தைத் தொட வேண்டாம் என்று கத்தினாள். கார்த்திகையிற் கிடைத்த முடிவில் புரதம் இல்லை என்று இருந்தது. தங்கை அந்தக் கடதாசியைச் சாமியறையிற் கொண்டுபோய் வைத்தாள்.

உலக அரங்கில் நம் நாடு கையெழுத்திடாமல் இல்லை. பாதரசத்தைக் குறைப்பதற்கென்று மினமாட்டா என்னும் பெயரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கின்றது. யப்பானிலுள்ள மினமாட்டா என்னும் ஊரிலே, தொழிற்சாலைக் கழிவாகக் கடலிற் கலந்த இரசம் மீன்வழியாக மக்களின் உடலில் ஏறி ஆயிரக்கணக்கானோரை முடமாக்கியது. அந்தப் பெயரே உடன்படிக்கைக்கும் ஆயிற்று. இலங்கை 2017இல் அதிற் சேர்ந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசம் கலந்த முகப்பூச்சுகளை 2020க்குப் பின் செய்யவும் கூடாது, ஏற்றவும் இறக்கவும் கூடாது என்று முதலில் வகுத்தார்கள். 2023இல் ஜெனீவாவிற் கூடி, அந்த ஒரு பங்குங்கூட வேண்டாம், சேர்ப்பதையே 2025க்குள் ஒழிப்போம் என்று தீர்மானித்தார்கள். அதே 2023இல் கபோன், ஜமேக்கா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து, இரசம் கலந்த வெளுப்புப் பூச்சை ஒழிப்பதற்கு 1 கோடியே 40 இலட்சம் டொலர் செலவில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. மூன்றும் வெயில் எறிக்கும் நாடுகள். மூன்றும் வெள்ளையர் ஆண்ட நாடுகள். இதற்குமேல் நான் அதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

பெரிய கொம்பனிகளின் பொருள்களில் இரசம் உண்டென்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாகாது. நான் பேசுவது பெயரற்ற சிமிழைப்பற்றி. இருந்தாலும், 1975 முதல் இந்தியாவிலும் பின் நம் நாட்டிலும் வீடுதோறும் நுழைந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்ற பூச்சின் பெயரை 2020இல் ‘குளோ அன்ட் லவ்லி’ என்று மாற்ற வேண்டி வந்ததே! வெள்ளை என்ற சொல்லைத் தாங்கி விற்பதற்குப் பெரியவர்களுக்கும் கூச்சம் பிறந்திருக்கின்றது. கூச்சமில்லாதவன் பெயரில்லாமல் விற்கிறான்.

மார்கழியில் மோதிரத்தை எடுத்துவரக் கன்னாதிட்டிக்குப் போனேன். பொன் தன் நிறத்துக்கு வந்திருந்தது. “இரசத்தோடை கொஞ்சப் பொன்னும் போட்டுது ரீச்சர், நிறை ஒரு சொட்டுக் குறைஞ்சிருக்கும்,” என்று சொல்லி, பழைய நிறை, புதிய நிறை, தரம், கூலி எல்லாவற்றையும் தன் பெயரும் தெருவும் அச்சிட்ட ஒரு துண்டில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் எங்களுக்கு இப்படியே எழுதித் தந்துகொண்டு வருகின்றது. அதைத்தான் பற்றுச்சீட்டு என்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

தை மாதத்திலே விவாகம் நன்றாக நடந்தேறியது. அலங்கரிக்க வந்த பெண் தன் பெட்டியைத் திறந்து, இரண்டு படி வெளுத்த பவுடர் ஒன்றை எடுத்தாள். பிள்ளை அவளுடைய கையைப் பிடித்து, எல்லாக் குப்பிகளையும் புரட்டிப் புரட்டி அடிப்புறத்தை வாசித்தாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

சிமிழ் இன்னும் என்னிடம் இருக்கின்றது. குப்பையோடு போட்டால் யாராவது கொளுத்துவார்கள், இரசம் புகையாகும். வளவிற் புதைக்கலாம் என்றால், நம் நிலம் சுண்ணக்கல் நிலம். மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நாள் செல்லாது. ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில் நாம் குடிப்பது நிலத்தடி நீரையே. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அதை இரண்டு பொலித்தீன் உறையில் கட்டி, ஒரு போத்தலுக்குள் இட்டு இறுக மூடி, அலுமாரியின் மேற்றட்டிற் காணி உறுதிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போத்தலின்மேல் ஒரு கடதாசி ஒட்டி, உள்ளே இருப்பது இன்னது, வாங்கிய மாதம் இன்னது, வாங்கியவர் வீடு இன்னது என்று எழுதியிருக்கிறேன். விற்றவர் பெயரை எழுத வேண்டிய வரி மாத்திரம் காலியாக இருக்கின்றது.